மச்சானுக்கு ஒரு படம்

பாம்பன் கீழத்தெரு – வாட்ஸ்அப் குழு

காலை 5:40
நான்: எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை மச்சானுக்கு முப்பதாம் நாள். காலையில 6 மணிக்குப் பூசை, முடிஞ்சதும் கல்லறைக்குப் போறோம். ஃபிளெக்ஸ் கடையில இன்னைக்கு சாயங்காலம் 4 மணிக்குள்ள படம் கேக்குறாக. யார்கிட்ட இருக்கோ போடுங்க. முகம் தெளிவா இருக்கணும்.

வாத்தியார் அண்ணன்: 🙏 இன்னைக்கும் வெள்ளன எந்திரிச்சு கரையைத்தான் பாத்தேன். அவன் சின்னப் படகு, அந்த வத்தைக்குப் பக்கத்துல லைட்டு வெளிச்சம் இல்ல. ஒரு மாசம் ஆகப்போகுது, கண்ணு இன்னும் தேடுது.

பாப்பா (மச்சான் மக): மாமா, வீட்ல இருக்கிறது இந்த ரெண்டுதான்.
[படம்]
[படம்]

நான்: மொத படம் மீனவர் அட்டைக்கு எடுத்தது. அன்னைக்கு வரிசையில நானும் பின்னாலயே நின்னேன். கேமராவைப் பாத்ததும் மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்துருச்சு. நம்ம மச்சான் மாதிரியே இல்லம்மா அது.

பாப்பா: ரெண்டாவது கல்யாணப் படம். அம்மா வேணாங்குது. சட்டையும் இரவல், முகமும் எனக்குப் பழகாத முகம்னு சொல்லுது.

காலை 6:25
கத்தார் மாப்ள: போன லீவுக்கு வந்தப்ப ரோட்டுப் பாலத்துல நின்னு எடுத்தேன். வத்தையைத் தென்கடல்ல இருந்து வடகடலுக்கு மாத்துன அன்னைக்கு.
[படம்]

கத்தார் மாப்ள: மேல இருந்து எடுத்ததால தலைத்துண்டு மட்டும்தான் தெரியுது. ஆனா நிக்கிற நிலையைப் பாத்தாலே யாருன்னு சொல்லிடலாம்.

நான்: மாப்ள, இந்தப் படத்தைப் பாத்ததும் கை நடுங்குது. படகு முன்பக்கம், அணியத்துல உக்காந்திருக்கிறது நான். கச்சான் காத்து அடிக்க ஆரம்பிச்சு தென்கடல் பொங்கிருச்சு. பாலத்துக்கு அடியில நீவாடு, அந்த நீரோட்டம், ஆத்து வெள்ளமா ஓடும், தண்ணிக்குள்ள பூரா பாறை. மத்தவுக எஞ்சினை முறுக்கிக்கிட்டுப் போவாக. மச்சான் போகாது. "தண்ணி ஒரு நேரம் அசந்து நிக்கும்டா, அப்பப் போவோம்"னு நங்கூரத்தைப் போட்டுரும். முக்கா மணி நேரம் சும்மா இருந்தோம்னு நெனைக்காதீக. அந்த நேரத்துல கிழிஞ்ச வலையில பதினஞ்சு கண்ணி பொத்தி முடிச்சிருச்சு.

மீன்கார மதினி: கை சும்மா இருந்து பாத்ததே இல்ல அந்த மனுசன.

விசைப்படகு தம்பி: அண்ணே, ரெண்டு வருசம் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்துல நான் அவுக வத்தைக்குத்தான் போனேன். 61 நாளும் வீட்ல சோறு பொங்குனது அதுலதான். பெரிய படகுல எல்லாத்தையும் வின்ச்சு இழுத்துரும். கையால வலை வாங்கக் கத்துக்குடுத்தது அவுகதான்.

விசைப்படகு தம்பி: நண்டு கழட்டும்போது காலை ஒடிக்கக் கூடாது, கண்ணியை விலக்கி எடுக்கணும். அப்புறம் வயித்தைத் திருப்பிப் பாப்பாக. சினை மஞ்சளா இருந்தா இன்னும் நாள் கெடக்கு, கறுத்துருச்சுன்னா இன்னைக்கோ நாளைக்கோ பொரிச்சுரும்னு சொல்லுவாக. மஞ்சளோ கறுப்போ, சினை நண்டுன்னா திரும்பக் கடலுக்குத்தான். தூக்கி எறிய மாட்டாக. குனிஞ்சு, கையைத் தண்ணிக்குள்ள விட்டுத்தான் விடுவாக.

விசைப்படகு தம்பி: ஒரு நாள் மீன்பாடே இல்ல. வந்ததுல பதினோரு நண்டு சினை. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு, வாய்விட்டுக் கேட்டும் புட்டேன். "வர்ற வருசம் ஒன் வலையில விழப்போறதைத்தான்டா விடுறேன்"னு சொன்னாக. அன்னைக்கு அவுக பங்குல இருந்து எடுத்து எனக்குக் குடுத்துட்டுப் போனாக. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

பாப்பா: அப்பா வீட்லயும் சொல்லல அண்ணே.

காலை 7:10
வாத்தியார் அண்ணன்: ஆவுளியாவை, அதான் அந்தக் கடல் பசுவைக் காப்பாத்துன அன்னைக்கு எடுத்த படம் இருக்குமே? ரெண்டு வலையை அறுத்து விட்டாரே.

நான்: ரெண்டு இல்லண்ணே, நாலு. நான் கூட இருந்தேன். கடல்புல்லு, தாழை மேய வந்தது வலையில சுத்திக்கிருச்சு. அது மீன் இல்லியே, மூச்சு வாங்க மேல வந்தாகணும். வலை அமுக்கி வச்சிருக்கு. நான் மெதுவா அவிழ்ப்போம்னேன், புது வலை, கடன் வாங்கிப் போட்டது. மச்சான் கத்தியைப் பல்லுல கடிச்சுக்கிட்டுக் குதிச்சிருச்சு. நாலு வலையும் கந்தல். மேல வந்து அது புஸ்ஸுன்னு மூச்சு விட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. "அதுக்கும் மாருல பால் இருக்குடா, குட்டி எங்கயாவது தேடும்"னு சொல்லிட்டு, ராத்திரியே வலை கட்ட உக்காந்துருச்சு.

நான்: படம் இருக்கு, ஆனா கழுத்து வரைக்கும் தண்ணி, முதுகுதான் தெரியுது.
[படம்]

கத்தார் மாப்ள: யார் எடுத்தாலும் குனிஞ்சுக்கிட்டோ திரும்பிக்கிட்டோதான் இருக்காக.

பாப்பா: அந்தக் கடனை அடைக்கிற வரைக்கும் அப்பா மத்தியானம் தூங்கவே இல்ல மாமா. ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சு கடலுக்குப் போவாக. கரைக்கு வந்ததும் மத்தவுக படுத்துருவாக, அப்பா கடல் ஓசை ரேடியோவைப் போட்டுக்கிட்டு வலை பொத்துவாக. வலது ஆள்காட்டி விரல்ல நூல் அறுத்து அறுத்து ஒரு பள்ளம் இருக்கும். அம்மா நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போன வருசம் எனக்குத் தலை பின்னிவிட்டது அந்த விரல்தான். பின்னல் சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி பிரியாது. டீச்சரு யாரு பின்னிவிட்டதுன்னு கேப்பாக.

மீன்கார மதினி: அழ வைக்காத தங்கம்.

காலை 8:05
நான்: படம் ஒரு பக்கம். ஃபிளெக்ஸ்ல தோற்றம்னு தேதி கேக்குறாக. அட்டையில 01.06.1965ன்னு இருக்கு.

வாத்தியார் அண்ணன்: அது பள்ளிக்கூடத்துல சேக்கும்போது போட்டது. அவுக ஆத்தா சொல்லி நான் கேட்டிருக்கேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல தனுஷ்கோடி போச்சுல்ல, அப்ப இவன் வயித்துல. உடுத்துன சேலையோட பாம்பனுக்கு வந்தவுக. மழைக்காலம் முடிஞ்ச கையோட பெறந்தான்னு சொல்லுவாக. மாசி பங்குனியா இருக்கும்.

நான்: தேதி வேணாம்ணே. 1965ன்னு வருசம் மட்டும் போடுவோம்.

வாத்தியார் அண்ணன்: சரி. கீழ ரெண்டு வரி எழுதிருக்கேன்: "கடலன்னை மடியில் துயில் கொண்ட அலைகளின் அரசனே".

நான்: அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. மச்சான் கட்டில்லதான் படுத்திருந்துச்சு, நெஞ்சு வலிச்சுப் போச்சு. கடலுக்கு அரசன்னு யாராவது சொன்னா அதுக்குப் புடிக்காது, கடலுக்கு முன்னால அப்படிப் பேசக் கூடாதுன்னு சொல்லும். நாப்பத்தஞ்சு வருசம் தொழில் பாத்துச்சு, அதையே போடுவோம்.

வாத்தியார் அண்ணன்: நீ சொல்றதுதான் சரி தம்பி. "45 ஆண்டுகள் வத்தைத் தொழில், நண்டு வலை". போதும்.

பகல் 1:30
மீன்கார மதினி: இந்தாங்க, போனைத் தேடிக்கிட்டே இருந்தேன், கெடச்சிருச்சு. கம்பெனி ஆளுக்கு நண்டு சைஸ் காட்ட எடுத்து அனுப்புனது. ஓரத்துல பாருங்க.
[படம்]

நான்: மச்சான்!

விசைப்படகு தம்பி: நிமிந்து பாக்குறாக!!

மீன்கார மதினி: தராசைப் பிடிச்சுக்கிட்டிருந்தாக. "எடை கூடவே இருக்கு மதினி, நீங்களே பாருங்க"ன்னு என்னைப் பாத்து சொன்ன நேரம். பல்லு லேசாத் தெரியுது பாருங்க. ஒரு நாள் கூட எடைக்கு எங்கிட்ட சண்டை போட்டதில்ல.

கத்தார் மாப்ள: இதுதான் அண்ணன். இதுதான். 😭

நான்: பாப்பா, இது சரியா? முன்னால நண்டுத் தட்டு பெருசாத் தெரியுது. கடைக்காரரு முகத்தை மட்டும் வெட்டி, பின்னால நீலக்கடல் வச்சுத் தர்றேங்கிறாரு.

பகல் 2:15
பாப்பா: அம்மாகிட்ட காட்டுனேன் மாமா. ரொம்ப நேரம் போனைக் கையிலயே வச்சிருந்துச்சு. வெட்ட வேணாமாம். தராசு, நண்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும்னு சொல்லுது.

நான்: சரிம்மா. இப்பவே போய்க் குடுத்துட்டு வர்றேன்.

விசைப்படகு தம்பி: அண்ணே, ஞாயித்துக்கிழமை நம்ம தெருவுல இருந்து ஒரு வத்தையும் எறங்காது. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.