பிங் போகுது, பேப்பர் வரேல்லை: லினக்ஸ் மின்டில வைஃபை பிரின்டர், உதவி தேவை

கடைக்காரன்_வெள்ளவத்தை (திங்கள், காலை 9.40)

வணக்கம். காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குற ஒழுங்கை ஒண்டில சின்னக் கொமினிகேஷன் வச்சிருக்கிறன். போட்டோகொப்பி, டைப்செட்டிங், பிள்ளைகளின்ர ஸ்கூல் அசைன்மென்ட், இதுதான் வியாபாரம். கொம்பியூட்டரில லினக்ஸ் மின்ட். பிரின்டர் கறுப்பு வெள்ளை லேசர், வைஃபையில நிக்குது. ஒண்டரை வருசமா ஒரு கரைச்சலும் தரேல்லை.

வெள்ளி பின்னேரம் கரண்ட் போய் ஒரு மணித்தியாலத்தால வந்தது. அதுக்குப் பிறகு என்ன குடுத்தாலும் "ப்ரொசெசிங்" எண்டு நிண்டுட்டு, "த பிரின்டர் இஸ் நொட் ரெஸ்பொன்டிங்" எண்டு சொல்லுது. ஆனா மகளின்ர போனில இருந்து குடுத்தா உடன வருகுது. பிரின்டரின்ர ஐபி, அதாவது நெட்வேர்க்கில அதின்ர விலாச நம்பர், 192.168.1.103. பிங் பண்ணி, அதாவது "இருக்கிறியோ" எண்டு அந்த நம்பரைக் கேட்டுப் பார்த்தன், ஒண்டுகூடத் தவறாமல் பதில் வருகுது. பிரின்டர், ரூட்டர், கொம்பியூட்டர் மூண்டையும் நாலு தரம் நிப்பாட்டிப் போட்டுட்டன். வாடிக்கையாளர் எல்லாம் முன் கடைக்குப் போகினம். ஆராவது சொல்லுங்கோ.

தெஹிவளை_தம்பி (காலை 9.52)

அண்ணா, பிங் வருதுன்னா நெட்வேர்க் ஓகே. டிரைவர்தான், பிரின்டரோட பேசுற மென்பொருள், போயிருக்கு. பேசாம விண்டோஸ் போடுங்க.

பழைய_மவுஸ் (காலை 10.15)

தம்பி, கொஞ்சம் பொறுங்கோ.

அண்ணை, 103 எண்ட நம்பரில இருந்து பதில் வருகுது, சரி. பதில் சொல்லுறது பிரின்டர்தான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? மூண்டு வேலை செய்யுங்கோ. முதலாவது, பயர்பொக்சைத் திறந்து அந்த 192.168.1.103 ஐ மேல அடியுங்கோ. என்ன பக்கம் வருகுது எண்டு பாருங்கோ. இரண்டாவது, பிரின்டரின்ர மெனுவில நெட்வேர்க் ரிப்போர்ட் எண்டு ஒண்டு இருக்கும், அதை அடிச்சு எடுங்கோ. மூண்டாவது, டேர்மினலில, அதாவது கட்டளை அடிக்கிற விண்டோவில, எல்-பி-எஸ்-டி-ஏ-டி எண்டு சேர்த்து அடிச்சு, ஒரு இடம் விட்டு, ஹைபன் வி (lpstat -v). எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. அது சொல்லுற விலாசத்தை இங்க போடுங்கோ.

கடைக்காரன்_வெள்ளவத்தை (காலை 10.41)

ஐயோ! பயர்பொக்சில சீசீடீவி பெட்டியின்ர லொகின் பக்கம் வருகுது! பிரின்டர் அடிச்ச தாளில ஐபி 192.168.1.108 எண்டு கிடக்கு. மூண்டாவது வேலைக்கு வந்த பதில்: சொக்கெட், பிறகு 192.168.1.103, பிறகு 9100. இவ்வளவு நேரமும் நான் கமராப் பெட்டிக்கு பிரின்ட் குடுத்துக்கொண்டு இருந்தனானா?

பழைய_மவுஸ் (காலை 10.58)

ஓம். நடந்தது இதுதான். கரண்ட் வந்த உடன கடையில உள்ள சாமான் எல்லாம் ஒரே நேரத்தில ரூட்டரிட்ட ஐபி கேட்கும். கனக்க ரூட்டருகள் ஆருக்கு எதைக் குடுத்தது எண்ட கணக்கை நினைவில மட்டும்தான் வச்சிருக்கும். கரண்டோட கணக்கும் போயிடும், பிறகு புதுசாப் பங்குபோடும். கமராப் பெட்டிக்கு 103 போச்சுது, பிரின்டருக்கு 108 கிடைச்சுது. நீங்கள் முதல்ல பிரின்டரைச் சேர்க்கேக்க நம்பரைக் கையால அடிச்சுக் குடுத்திருக்கிறியள், அதால உங்கட மின்ட் இன்னும் 103 இன்ர கதவைத்தான் தட்டுது. விண்டோஸிலயும் நம்பர் குடுத்துச் சேர்த்திருந்தா இதே கதைதான், தம்பி கேட்கட்டும்.

போனில ஏன் வருகுது? போன் அந்த ஐபி நம்பரைப் பாக்கிறதில்லை. ஒவ்வொரு தரமும் "இங்க பிரின்டர் ஆர்?" எண்டு வைஃபை முழுக்கக் கூப்பிட்டுக் கேட்கும். எம்டிஎன்எஸ் எண்டு சொல்லுறது, 5353 போர்ட், அதாவது அந்தப் பேச்சு போற வாசல் நம்பர். பிரின்டர் தன்ர பேரையும் இப்ப இருக்கிற நம்பரையும் சொல்லும்.

தெஹிவளை_தம்பி (காலை 11.03)

அப்போ லேசு. பழசை டிலீட் பண்ணிட்டு, கனெக்ஷன்ல ஜெட்டைரெக்ட், 108, போர்ட் 9100, டிரைவர் கேட்டா ஜெனரிக் போஸ்ட்ஸ்க்ரிப்ட் குடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

கடைக்காரன்_வெள்ளவத்தை (காலை 11.29)

தம்பி சொன்னபடி செய்தன். பிரின்டர் துடிச்சு எழும்பி 37 பக்கம் துப்பிட்டுது. முதல் தாளின்ர தலைப்பில "%!பிஎஸ்-அடோபி-3.0", பிறகு முழுக்க ஆங்கிலக் கோடும் அடைப்புக்குறியும். நான் குடுத்தது ஒரே ஒரு பக்கம், ஏழாம் வகுப்புப் பெடியன்ர சுற்றாடல் அசைன்மென்ட்! ஓஃப் பண்ணிட்டுப் போட்டா திரும்பவும் தொடங்குது.

பழைய_மவுஸ் (காலை 11.34)

தட்டை இழுத்து வெளியில எடுங்கோ, தாள் மிஞ்சும். பிரின்டரை ஓஃப்பிலயே விடுங்கோ. முதல்ல மின்டில பிரின்ட் வரிசையைத் திறந்து எல்லா வேலையையும் கன்சல் பண்ணுங்கோ, அதுக்குப் பிறகுதான் ஓன். இல்லாட்டி பிரின்டர் எழும்பினதும் லினக்ஸ் அந்த வேலையைத் திரும்ப அனுப்பும்.

தம்பி சொன்ன நம்பர் சரி, மொழி பிழை. 9100 ஒரு குழாய் மாதிரி: வந்ததை அப்பிடியே உள்ள ஊத்தும். மலிவான லேசர் கனக்கத்துக்குப் போஸ்ட்ஸ்க்ரிப்ட் எண்ட அச்சு மொழி தெரியாது. அது அதைச் சும்மா எழுத்து எண்டு நினைச்சு அச்சடிச்சுத் தந்திட்டுது, பாவம்.

நம்பரும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம். பிரின்டர்ஸ் எண்ட விண்டோவில இப்ப சேர்த்ததையும் அழிச்சுப்போட்டு, ஆட் குடுத்துக் கொஞ்சம் காத்திருங்கோ. நெட்வேர்க் பிரின்டர் எண்டதுக்குக் கீழ உங்கட பிரின்டர் தன்ர பேரோட வரும். அதை எடுத்து, கனெக்ஷனில ஐபிபி எண்டோ டிரைவர்லெஸ் (டிரைவர் இல்லாமல்) எண்டோ இருக்கிறதைத் தெரிவு செய்யுங்கோ. 2010 இல ஆப்பிள், போனில இருந்து டிரைவர் இல்லாமல் அச்சடிக்கிற ஏர்பிரின்டைக் கொண்டுவந்த பிறகு, வைஃபை பிரின்டர் கம்பனிகள் கனபேர் இந்த ஐபிபி பாஷையைத் தங்கட பெட்டிக்குள்ள வச்சுத்தான் விக்கினம். லினக்ஸில அச்சு வேலை பாக்கிற கப்ஸுக்கும் அது தெரியும், போர்ட் 631. போன் போற பாதையிலேயே மின்டும் போகும்.

கொச்சிக்கடை_டெக் (நண்பகல் 12.05)

இடையில் ஒரு வார்த்தை. 2024 செப்டெம்பரில் நெட்வேர்க்கில் உள்ள பிரின்டர்களைத் தானாகத் தேடிச் சேர்க்கும் கப்ஸ்-பிரவுஸ்ட் என்ற சேவையில் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பலர் அதை நிறுத்தி வைத்தார்கள், நானும்தான். உங்கள் மின்டில் நிறுத்தியிருந்தாலும் பயப்பட வேண்டாம், மேலே சொன்னபடி கையால் சேர்க்க அது தேவையில்லை. பட்டியலில் பெயரே வராவிட்டால் ஃபயர்வோல் 5353 ஐத் தடுக்கிறதா என்று பாருங்கள். கொம்பியூட்டர் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் பெரும்பாலும் வராது. அதில் ஒரு சாமானுக்கு மற்றச் சாமான் தெரியாது.

கடைக்காரன்_வெள்ளவத்தை (பி.ப. 12.40)

பேர் வந்தது, சேர்த்தன். வேலை போய்ச் சேர்ந்தது எண்டு மின்ட் சொல்லுது. ஆனா பிரின்டரில செம்மஞ்சள் லைட் விட்டு விட்டு மின்னுது, "லோட் பேப்பர்" எண்டு கேக்குது. தட்டு நிறையத் தாள் இருக்கு!

பழைய_மவுஸ் (பி.ப. 12.52)

அது லெட்டர் சைஸ் கேட்கும். மின்டை இன்ஸ்டோல் பண்ணேக்க அமெரிக்க ஆங்கிலத்தைத் தெரிவு செய்திருப்பியள், அது தாளையும் அமெரிக்கத் தாள் எண்டு எடுத்திட்டுது: 216 க்கு 279 மில்லிமீற்றர். நம்மட ஊரில ஓடுறது ஏ4, 210 க்கு 297. இப்போதைக்கு ஓகே பட்டனை அமத்துங்கோ, பெரும்பாலும் இருக்கிற தாளிலயே அடிக்கும். பிறகு பிரின்டர் ப்ரொப்பர்ட்டீஸில மீடியா சைஸை ஏ4 ஆக்குங்கோ. லிப்ரே ஒஃபிசில அந்த அசைன்மென்ட் பைலுக்குள்ளயும் பேஜ் ஸ்டைலில ஏ4 எண்டு மாத்துங்கோ, இல்லாட்டி அந்த பைல் மட்டும் திரும்பவும் லெட்டர் கேட்கும்.

இன்னொண்டு. ரூட்டருக்குள்ள போய் டீஎச்சீபி ரிசர்வேஷனில (ஐபியை ஒரு சாமானுக்கெண்டு ஒதுக்கி வைக்கிற இடம்) பிரின்டரின்ர மெக் முகவரியை, அதாவது பெட்டிக்கே உரிய அடையாள நம்பரை, போட்டு 108 ஐ அதுக்கே எழுதி வையுங்கோ. மெக் நீங்கள் காலமை அடிச்ச ரிப்போர்ட் தாளில இருக்கு. இப்ப பேரால சேர்த்தபடியால் கட்டாயமில்லை, ஆனா அடுத்த தரம் தேடேக்க எங்க இருக்கு எண்டு தெரியும். இன்டர்நெட் கம்பனிக்காரர் வந்து ரூட்டரை மாத்தினா திரும்ப எழுத வேணும்.

கடைக்காரன்_வெள்ளவத்தை (பி.ப. 1.35)

வந்திட்டுது! பெடியன் அசைன்மென்டோட போயிட்டான். 108 பிரின்டருக்கு, 103 கமராவுக்கு எண்டு ரூட்டரில எழுதி, ஒரு துண்டில பேனையால எழுதி பிரின்டரின்ர நெத்தியிலயும் ஒட்டிட்டன். அந்த 37 தாளின்ர பின்பக்கம் வெள்ளைதானே, வெட்டிக் கட்டி பில் எழுத வச்சிருக்கிறன். தெஹிவளைத் தம்பி இந்தப் பக்கம் வந்தா ஒரு கட்டு தாறன்.

மவுஸ் அண்ணை, பாமினியில அடிச்ச பழைய கடிதம் ஒண்டு திறந்தா ஆங்கில எழுத்தாத் தெரியுது, அதுவும் பிரின்டரின்ர வேலையோ?

பழைய_மவுஸ் (பி.ப. 1.41)

இல்லை, அது எழுத்துரு. மின்டில பாமினி இல்லாட்டி அப்பிடித்தான் தெரியும். அதுக்குப் புது இழை ஒண்டு திறவுங்கோ, சாப்பிட்டுட்டு வாறன்.