மீனுக்கு இக்கா (வெள்ளைப்புள்ளி நோய்), வெல்வெட்டா (மாவு மாதிரி படியிற ஒட்டுண்ணி நோய்)? அவசரம்!

வணக்கம் நண்பர்களே. 400 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, கொஞ்சம் பவளமும் இருக்கு. போன வாரம் வாங்கின ப்ளூ டாங் மீனைத் தனியா வைக்காம நேரா உள்ளே விட்டுட்டேன் (சோம்பேறித்தனம்தான், திட்டுங்க). நாலாம் நாள் உப்புத் தூவினாப்பல வெள்ளைப் புள்ளி. இக்னு நினைச்சேன். ஆனா இன்னைக்குக் காலையில க்ளவுன் மீன் ரெண்டும் வேகமா மூச்சு வாங்குது, பம்ப் பக்கமே நிக்குது, தீனியைத் தொடலை. புள்ளியும் மாவு மாதிரி, எண்ண முடியலை. வெல்வெட்டோன்னு வயித்தைக் கலக்குது.

பவளம் செத்துடும், அதனால தொட்டியில காப்பர் (தாமிர) மருந்து ஊத்த மாட்டேன். தனியா டப், ஹீட்டர், ஏர் பம்ப் தயார். உப்பை 1.009 ஒப்படர்த்திக்கு இறக்கினா இக்குக்குக் கேக்கும், வெல்வெட்டுக்குக் கேக்காது. டப்ல கீலேட்டட் காப்பரை (வேற வேதிப்பொருளோட பிணைச்ச தாமிர மருந்து) எத்தனை நாள்ல 2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2 மி.கி.) ஏத்தலாம்? டாங் தாங்குமா? சென்னையில யார்கிட்டயாவது காப்பர் டெஸ்ட் கிட் இருக்கா? நானே வந்து வாங்கிக்கிறேன்.