33550336 நிறைவெண் என்றால் 2096128 ஏன் இல்லை?

ஹட்டன்_தரம்11:
பாடசாலைக் கணித தினப் பலகைக்கு நிறைவெண்களை, அதாவது தன்னைத் தவிர்ந்த காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண்களை, எழுதுகிறோம். 2×3=6, 4×7=28, 16×31=496, 64×127=8128. இரண்டாவது காரணிகள் 2²−1, 2³−1, 2⁵−1, 2⁷−1. சுட்டிகள் 2, 3, 5, 7, எல்லாம் முதன்மை எண்கள். அடுத்தது 11 என்று எடுத்தால் 1024×2047=2096128 வருகிறது. ஆனால் ஐந்தாவது நிறைவெண் 33550336 என்கிறார்கள். எங்கே பிழை? கையாலேயே சரிபார்க்கலாமா?

கொட்டகலை_கணக்கப்பிள்ளை:
பிழை 2047இல் இருக்கிறது தம்பி. பார்த்தால் முதன்மை எண் போலத் தெரியும், ஆனால் அது 23×89. சுட்டி முதன்மை எண்ணாக இருந்தால் மட்டும் போதாது, 2¹¹−1உம் முதன்மை எண்ணாக இருக்க வேண்டும்.

1024இன் காரணிகளைக் கூட்டினால் 2047. 2047இன் காரணிகள் 1, 2047 மட்டும் என்றிருந்தால் அவற்றின் கூட்டுத்தொகை 2048 வந்து, இரு கூட்டுத்தொகைகளின் பெருக்கம், அதாவது முழு எண்ணின் எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை, சரியாக எண்ணின் இரு மடங்காகியிருக்கும். 23உம் 89உம் நுழைந்ததால் அது 2160 ஆகிறது. 2047×2160=4421520. எண்ணையே கழித்தால் மிச்சம் 2325392, அதாவது 229264 கூட. ஆகவே 2096128 ஒரு மிகை எண், அதாவது மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணை விடப் பெரியது.

33550336=4096×8191. காரணிகள் 26. கூட்டுத்தொகை 8191×8192=67100672, சரியாக இரு மடங்கு.

ஹட்டன்_தரம்11:
நன்றி சேர். 8191 முதன்மை எண்தான் என்று எப்படி உறுதிப்படுத்துவது? 89 வரைக்கும் 24 முதன்மை எண்களாலும் வகுக்க வேண்டுமா?

பண்டாரவளை_எண்கோட்பாடு:
இரண்டு வகுத்தல் போதும். q என்ற முதன்மை எண் 2¹³−1ஐ வகுத்தால், 2¹³ஐ qஆல் வகுக்க மீதி 1. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2இன் q−1ஆம் வலுவுக்கும் மீதி 1. 13 முதன்மை எண் என்பதால் அது q−1ஐ வகுத்தே ஆக வேண்டும். q ஒற்றை எண், ஆகவே 26உம் வகுக்கும். 8191இன் வர்க்கமூலம் 91ஐ விடக் குறைவு, ஆகவே 90 வரை பார்த்தால் போதும். அதற்குள் 26ஆல் வகுக்க மீதி 1 வருபவை (1ஐத் தவிர) 27, 53, 79 மட்டுமே. 27 முதன்மை எண் அல்ல. 53×154=8162, மீதி 29. 79×103=8137, மீதி 54. முடிந்தது.

2047க்கும் இதையே செய்யுங்கள். 22ஆல் வகுக்க மீதி 1 வரும் முதல் முதன்மை எண்ணே 23, உடனே அகப்படும். எனக்கு இந்த வழியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கொட்டகலை_கணக்கப்பிள்ளை:
பலகையில் எழுத இன்னும் சில: 1 முதல் 8191 வரை கூட்டினால் 33550336 வரும், எனவே அது முக்கோணி எண். 1³+3³+5³+…+127³ என்று கூட்டினாலும் இதுவே. துவித எண்ணாக 13 ஒன்றுகள், பின்னால் 12 பூச்சியங்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை 28, அதுவும் நிறைவெண்!

ஐந்தாவது நிறைவெண்ணுக்கு ஐந்து இலக்கம், கடைசி இலக்கம் 6, 8 என்று மாறி மாறி வரும் என்ற பழைய நம்பிக்கைகளைப் போட்டுவிடாதீர்கள். இதற்கு எட்டு இலக்கம். ஆறாவதான 8589869056உம் 6இலேயே முடிகிறது. அதற்குப் பத்து இலக்கம், எட்டிலக்கக் கல்குலேட்டரில் அடங்காது. 65536×131071 என்று பிரித்துத் தாளில் பெருக்குங்கள்.