2006-இல் மறுக்கப்பட்ட ஊன ஓய்வூதியம்: இப்போது ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தை அணுக இயலுமா?

கேள்வி (கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 1982-இல் ராணுவத்தில் சேர்ந்து, 24 ஆண்டுகள் பணியாற்றி, 2006-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். பணி ஓய்வூதியம் தடையின்றி வருகிறது. பணியில் இருந்தபோதே அவருக்கு இரத்தக் கொதிப்பு கண்டறியப்பட்டு, மருத்துவத் தரமும் குறைக்கப்பட்டது. ஓய்வின்போது கூடிய மருத்துவக் குழு, அதை வாழ்நாள் முழுவதற்கும் 30 விழுக்காடு ஊனம் என்று மதிப்பிட்டது. ஆனால் அந்த நோய் படைப்பணியால் விளைந்ததும் இல்லை, படைப்பணியால் மோசமடைந்ததும் இல்லை என்று எழுதிவிட்டது. அந்த ஒரு வரியைக் காட்டி, டிசெபிலிட்டி பென்ஷன் எனப்படும் ஊன ஓய்வூதியம் அதே ஆண்டில் மறுக்கப்பட்டது.

கம்மவான்பேட்டையைச் சுற்றியுள்ள எங்கள் பகுதியில் படைக்கு ஆள் அனுப்பாத குடும்பங்கள் குறைவு. அவருடன் பணியாற்றிய ஒருவர் இதே நோய்க்கு வழக்குத் தொடுத்து வென்ற பிறகுதான், மேல்முறையீடு என்ற ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. சென்ற ஆண்டு முதல் மேல்முறையீட்டை அனுப்பினோம். ஆறு மாதக் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று கூறி அதைத் திருப்பிவிட்டார்கள். இனி வழியே இல்லையா? சி.எம்.சி. மருத்துவமனையில் அண்மையில் பெற்ற மருத்துவச் சான்று உதவுமா? நிலுவைத் தொகையில் பங்கு தந்தால் முடித்துத் தருவதாக ஒருவர் வீட்டுக்கு வந்து பேசுகிறார், அவரை நம்பலாமா?

பதில் (ஓய்வுபெற்ற சுபேதார், குடியாத்தம்)

அம்மா, முதலில் அந்த மனிதரிடம் எந்தக் காகிதத்திலும் அப்பாவைக் கையெழுத்திட விடாதீர்கள். பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையின் நகலையும், படையிலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அப்பாவை அழைத்துச் செல்லுங்கள். கடிதப் போக்குவரத்துக்கு அங்கே உதவுவார்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்து, ஓய்வின்போது கூடிய மருத்துவக் குழுவின் முழு அறிக்கை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலோரிடம் மறுப்புக் கடிதம் மட்டும்தான் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் அஞ்சல் ஆணையுடன், அப்பாவின் பெயரிலேயே பணி ஆவணங்களை வைத்திருக்கும் படையின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதி, அந்த அறிக்கையையும் 1982-இல் படையில் சேர்ந்தபோது செய்த மருத்துவப் பரிசோதனைத் தாளையும் கேளுங்கள். இரண்டாவது மேல்முறையீடு என்று ஒரு படி இன்னும் இருக்கிறது. அதையும் அனுப்பிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

பதில் (வழக்குரைஞர், வேலூர்)

சுபேதார் ஐயா கூறியதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். முதல் மேல்முறையீடே காலக்கெடுவைக் காரணம் காட்டித் திருப்பப்பட்டிருக்கும்போது, இரண்டாவதும் அதே காரணத்தால் திரும்பிவரவே வாய்ப்பு அதிகம். அதற்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு ஒரு மாத நிலுவை இழப்பாகும். 2008-இல் தர்சேம் சிங் வழக்கில், இத்தகைய ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் தாமதத்தைக் கொண்டே கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், நிலுவையை மட்டும் வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தியது. 2006 முதல் உள்ள முழுத் தொகையையும் வாங்கித் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால், அவர் சட்டம் தெரியாதவர் அல்லது உங்களை ஏமாற்ற நினைப்பவர்.

ஆகவே, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவுடன் சேர்த்து மூல விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யுங்கள். பிற வழிகளை முடித்த பிறகே வர வேண்டும் என்று 21-ஆம் பிரிவு கூறினாலும், அது "சாதாரணமாக" என்ற சொல்லுடன்தான் கூறுகிறது. மேல்முறையீடு திருப்பப்பட்ட கடிதத்தை இணைத்து, அதை விண்ணப்பத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

வழக்கின் உயிர்நாடி, இத்தகைய ஓய்வூதியம் யாருக்கு உரியது என்று கூறும் 1982-ஆம் ஆண்டு உரிமை விதிகளில் இருக்கிறது. சேரும்போது நல்ல உடல்நலத்துடன் இருந்தார் என்பது 5-ஆம் விதி தரும் அனுமானம். 9-ஆம் விதிப்படி, நிரூபிக்கும் சுமை வீரர்மீது இல்லை. சேர்ந்தபோது குறிக்கப்படாத நோய் பணியில் தோன்றியதாகக் கொள்ளப்படும் என்கிறது 14-ஆம் விதி. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில், மருத்துவக் குழு காரணம் எதையும் பதிவு செய்யாமல் மறுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இவ்விதிகளைக் கொண்டே. அதனால்தான் மருத்துவக் குழுவின் முழு அறிக்கை வேண்டும்: வெறும் ஒரு வரியா, காரணமும் சேர்ந்திருக்கிறதா என்பதை வைத்தே வழக்கின் வலு அமையும். 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில் அதே நீதிமன்றம் மருத்துவக் குழுவின் கருத்துக்கு மதிப்பளித்து, மனநோய்க்கான கோரிக்கையை மறுத்தது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

சி.எம்.சி. சான்று இன்றைய உடல்நிலையைக் காட்டும். 2006-இல் இருந்த நிலையைக் காட்டாது. அதை முதன்மை ஆவணமாக வைக்க வேண்டாம். குறைந்தபட்சத் தகுதியான 20 விழுக்காட்டைவிட அவருடைய மதிப்பீடு ஏற்கெனவே கூடுதல். கோரிக்கை ஏற்கப்பட்டால், 30 விழுக்காட்டை 50 ஆக உயர்த்திக் கணக்கிடவும் சேர்த்துக் கேளுங்கள். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்த உயர்வு உண்டு என்பதை 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கு உறுதிசெய்தது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. மருத்துவக் குழு அறிக்கை வீட்டு இரும்புப் பெட்டியிலேயே இருந்தது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் எதுவும் எழுதப்படவில்லை. 1982-ஆம் ஆண்டுத் தாள் மட்டும் இல்லை, அதற்கு விண்ணப்பிக்கிறோம். ஆனால் அப்பா தயங்குகிறார். சோறு போட்ட படையின்மேல் வழக்குப் போடுவதா என்று கேட்கிறார்.

பதில் (ஓய்வுபெற்ற சுபேதார், குடியாத்தம்)

அந்தத் தயக்கம் எங்கள் தலைமுறையில் பலருக்கும் உண்டு, அம்மா. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தத் தீர்ப்பாயத்தை அமைத்தது நாடாளுமன்றமே. ஒவ்வோர் அமர்விலும் நீதிபதியுடன் படையில் உயர்பதவி வகித்த அதிகாரி ஒருவரும் அமர்கிறார். அப்பா அங்கே கேட்கப்போவது படையின் சொந்த விதி தனக்குத் தரும் உரிமையை மட்டுமே. வேண்டுமானால் நானே கணியம்பாடிக்கு வந்து அவரிடம் பேசுகிறேன்.

பதில் (வழக்குரைஞர், வேலூர்)

காரணம் எழுதப்படாத அறிக்கை உங்களுக்கு மிகவும் சாதகமானது. 1982-ஆம் ஆண்டுத் தாளுக்காகத் தாக்கலை நிறுத்தி வைக்க வேண்டாம். அதை முன்வைக்குமாறு எதிர்த்தரப்புக்கு உத்தரவிடக் கோரலாம். தாமதத்துக்கான உறுதிமொழிப் பத்திரத்தில், மேல்முறையீட்டு வழி பற்றி அப்போது தெரியாது என்ற உண்மையை அப்பாவின் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். மறுப்புக் கடிதம், பி.பி.ஓ., மருத்துவக் குழு அறிக்கை, திரும்பிவந்த மேல்முறையீடு ஆகிய நான்கின் நகல்களும் இருந்தால் இந்த வாரமே விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிடலாம்.