புதுப்பிப்பு: குடும்ப ஜெபத்துக்கு வர மறுத்த மகன் – எங்களுக்கு எது உதவியது

பதின்ம வயது மகன் இரவு குடும்ப ஜெபத்துக்கு வர மறுக்கிறான், கட்டாயப்படுத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில், தினம் பைபிளின் நீதிமொழிகள் புத்தகத்தில் ஒரு அதிகாரம் என்ற யோசனையை எடுத்தோம். மொத்தம் 31 அதிகாரம், மாதக் கணக்குக்குச் சரியாக வரும். ஆனால் அவனுக்கு அது அறிவுரை கேட்பது போலவே இருந்ததாம். நிறுத்திவிட்டோம்.

பலன் தந்தது, "மாற்கு சுவிசேஷத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள், யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்" என்று ஒரு சகோதரி எழுதியதுதான். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். சம்பவங்கள் வேகமாக நகரும். இரவுக்கு ஒரு சம்பவம், அப்புறம் சின்ன ஜெபம், அவ்வளவுதான்.

எதிர்பாராதது 9-ம் அதிகாரத்தில் நடந்தது. நோயுற்ற மகனுக்காக இயேசுவிடம் வந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தன் அவிசுவாசம் நீங்க உதவி கேட்டுக் கதறுகிறான். அதை வாசித்துவிட்டு என் மகன், "சந்தேகம் இருந்தாலும் ஜெபிக்கலாமாம்மா?" என்று கேட்டான். அவன் ஒதுங்கியதற்குக் காரணம் சோம்பல் இல்லை, சந்தேகம் என்று அன்றுதான் தெரிந்தது. என் கணவர் தன் இளவயதுச் சந்தேகங்களை அவனிடம் மனம் திறந்து பேசினார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சு அதுவரை நடந்ததே இல்லை.

இதை முயல்பவர்கள் 'விளக்கம் வேண்டாம்' என்ற பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சில இரவுகளில் இன்னும் வருவதில்லை. கூப்பிடுவோம், வற்புறுத்துவதில்லை. அடுத்து பைபிளில் உள்ள சங்கீதப் புத்தகத்தை வாசிக்கலாம் என்று அவனே சொல்லியிருக்கிறான்.