லடாக் பயணம்: லேப்டாப் இல்லாமல் படங்களை பேக்கப் எடுப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. ஜூலையில் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு லடாக் போகிறேன். லேப்டாப் கிடையாது. 24 மெகாபிக்சல் கேமரா, ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்) ஒவ்வொன்றும் சுமார் 25 எம்பி. அன்றன்று எடுத்ததை அன்றிரவே இன்னொன்றில் காப்பி போட்டுவிட வேண்டும். இருவரும் சேர்ந்து வரும் முதல் மலைப்பயணம், அந்தப் படங்கள் கார்டில் மட்டும் இருப்பதை நினைத்தாலே பதறுகிறது.

வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் சரிவராது. சுழலும் தட்டின் மேல், டேட்டாவைப் படித்து எழுதும் ஹெட் மிதப்பதே காற்றின் தயவில்தான். அதனால் பல ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இயங்கும் உயர வரம்பே சுமார் 3,000 மீட்டர். லே நகரம் 3,500 மீட்டர், பாங்காங் ஏரி 4,200க்கும் மேல். ஆக, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிதான்.

ஆண்ட்ராய்டு போனில் டைப்-சி ஹப் மாட்டி, ஒரு பக்கம் கார்டு ரீடர், மறுபக்கம் 1 டிபி எஸ்எஸ்டி வைத்து யாராவது காப்பி செய்திருக்கிறீர்களா? இரண்டுக்கும் போன் தரும் பவர் போதுமா, ஹப்பில் பவர் பேங்க்கையும் சொருக வேண்டுமா? எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டை (கார்டிலும் டிஸ்க்கிலும் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறை) எல்லா போனும் படிப்பதில்லை, அதற்கு என்ன செய்தீர்கள்?

எனக்கு முக்கியமான கேள்வி இது: காப்பியான ஃபைல் சேதமில்லாமல் வந்ததா என்று செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் எண், இரண்டு காப்பிக்கும் ஒன்றாக வர வேண்டும்) வைத்துச் சரிபார்க்கும் நல்ல ஆப் எது? காப்பி முடிந்தது என்று திரையில் வருவதை மட்டும் நம்பி கார்டை அழிக்க மாட்டேன்.

கிளவுட் வேண்டாம், இத்தனை ஜிபியை ஏற்ற அங்கே நெட் தாங்காது. அந்தப் பக்கம் போய் வந்தவர்கள், பயன்படுத்திய ஹப், எஸ்எஸ்டி மாடலோடு சொன்னால் பெரிய உதவி.