ஒரு டி-சர்ட்டுக்கு 10.56 கிலோ கார்பன் வருகிறது, எங்கே தப்பு? (அவசரம்)

மெர்ச்சன்_திருப்பூர் | வியாழன், மாலை 6.40
வணக்கம். பையர் ஸ்டைல் வாரியாக பிசிஎஃப் (ஒரு பீஸ் தயாரிப்பதில் வெளியாகும் கார்பன் அளவு) கேட்கிறார்கள். எக்செல்லில் போட்டால் பீஸுக்கு 10.56 கிலோ வருகிறது. அனுப்பினேன், ‘மறுபடி பாருங்கள்’ என்று திருப்பிவிட்டார்கள். நாளை மதியம்தான் கெடு. எமிஷன் ஃபேக்டர் (ஒரு யூனிட் கரண்டுக்கு, ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு கார்பன் என்ற எண்) எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

நூல்கண்டு | 6.52
காட்டனா, பாலி கலந்ததா? ஜிஎஸ்எம் (துணி சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்ன, பீஸ் எடை என்ன? கணக்கு உங்கள் கேட் வரைக்குமா, வாங்கினவர் துவைத்துத் துவைத்துக் குப்பையில் போடும் வரைக்குமா? ஒன்றுமே சொல்லாமல் எங்கே தப்பு என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது?

காத்தாடி | 6.58
காற்றாலை இருக்குமே உங்களுக்கு? அந்த யூனிட்டைக் கழிக்காமல் விட்டிருப்பீர்கள். கழித்தால் பாதியாகிவிடும்.

எல்சிஏ_வாத்தியார் | 7.10
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். இந்தக் கணக்குக்கென்றே ஐஎஸ்ஓ 14067 என்று ஒரு தரநிலை 2018 முதல் இருக்கிறது. எந்த அலகுக்குக் கணக்கு, எல்லை எது, எந்த வருடத்துத் தரவு, இதையெல்லாம் எழுதிவிட்டுத்தான் எக்செல்லையே திறக்க வேண்டும். நாளை மதியம் கெடு, இன்று மாலை சந்தேகம். நன்றாக இருக்கிறது.

மெர்ச்சன்_திருப்பூர் | 7.31
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 100% காட்டன், 180 ஜிஎஸ்எம், பீஸ் 165 கிராம். ஆர்டர் 9,000 பீஸ். கேட் வரைதான். பீஸுக்குக் கிலோ கணக்கில் நூல் 0.66, டையிங் 6, இ.பி. 3.36 (யூனிட்டுக்கு 0.72 கிலோ போட்டேன்), ஜென்செட் டீசல் 0.54. பாலிபேக், அட்டைப்பெட்டி இன்னும் சேர்க்கவில்லை. காற்றாலை இருக்கிறது, கழிக்கவில்லை.

சாயப்பட்டறை | 7.40
டையிங் 6 என்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். 2011-இல் கோர்ட் உத்தரவில் பட்டறைகளைப் பூட்டிய பிறகு ஊரே ஜீரோ டிஸ்சார்ஜ். கழிவுநீரை ஆர்.ஓ.வில் விட்டு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பை எடுக்க எவ்வளவு விறகு, எவ்வளவு கரண்ட்! வெளிநாட்டு டேட்டாபேஸில் இந்தச் செலவு இருக்காது. பையருக்கு அதை விளக்கி எழுதுங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

காத்தாடி | 7.44
அதான் சொன்னேனே! காற்றாலையைக் கழியுங்கள்.

எல்சிஏ_வாத்தியார் | 7.49
அப்படிச் சும்மா கழிக்க முடியாது. அந்த யூனிட்டுக்கு ஆர்ஈசி (புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற சான்றிதழ்) வாங்கி வெளியே விற்றிருந்தால் பச்சை என்ற பெயரும் அதோடு போய்விட்டது. ஒரே யூனிட்டை இரண்டு பேர் சொந்தம் கொண்டாடக் கூடாது. தவிர காற்றாலையும் பூஜ்யம் இல்லை. கோபுரத்துக்கு இரும்பு, அடியில் கான்கிரீட்.

காத்தாடி | 7.55
கோபுரத்து இரும்பை யூனிட்டுக்குப் பிரித்தால் எவ்வளவு வரும், கிராம் கணக்கு. அதற்காக நிலக்கரிக் கரண்டோடு சேர்த்து 0.72 போடுவது நியாயமா? சொந்தக் காசில் காற்றாலை போட்டவன் முட்டாளா?

நூல்கண்டு | 8.02
ஆடிக் காற்றில் வரும் இ.பி. பில்லும் மார்கழி பில்லும் ஒன்றா? கழித்தாலும் கழிக்காவிட்டாலும் ஒரு வருடக் கணக்கு எடுங்கள்.

சாயப்பட்டறை | 8.06
எங்கள் பாய்லரில் விறகுதான். அதுவும் பூஜ்யம்தானே?

எல்சிஏ_வாத்தியார் | 8.11
இல்லை. விறகின் கார்பன் டை ஆக்சைடைத் தனி வரியில் காட்ட வேண்டும். அதோடு வரும் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு கணக்கில் சேரும். இதையும் நூறு தடவை சொல்லியாயிற்று.

கணக்குப்பிள்ளை | 8.30
காற்றாலைச் சண்டையை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, 3.36-ஐ 9,000-ஆல் பெருக்கினால் 30,240. அதை 0.72-ஆல் வகுத்தால் 42,000 யூனிட். ஒரு பனியன் தைக்க நாலரை யூனிட்டுக்கு மேலா? தையல் மெஷின் ஓடுகிறதா, ரைஸ் மில் ஓடுகிறதா? முழு மாத பில்லையும் இந்த ஒரு ஆர்டர் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். டீசலும் அப்படியே இருக்கும். அந்த மாதம் மொத்தம் எத்தனை பீஸ் போனது?

அப்புறம் அந்த டையிங் 6. பட்டறைக்காரர் கொடுத்தது துணி கிலோவுக்கா, பீஸுக்கா?

மெர்ச்சன்_திருப்பூர் | 8.47
ஐயோ. 1,10,000 பீஸ். பில் 42,000 யூனிட்டேதான். டையிங் எண் கிலோவுக்குத்தான் என்று நினைக்கிறேன், மெயிலைப் பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை | 8.55
பாருங்கள். கூடவே நூலையும் பாருங்கள். 165 கிராம் என்பது தைத்து முடித்த பீஸ். கட்டிங் டேபிளில் விழுந்த வேஸ்ட்டுக்கும் சாயம் ஏற்றியாகிவிட்டதே. கட்டிங் ஷீட்டில் ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி என்று இருக்கும், டையிங்குக்கு அதை எடுங்கள். நூலுக்கு நிட்டிங், டையிங் இழப்பையும் மேலே சேருங்கள். 1,10,000-இல் ஹூடி ஏதாவது இருந்தால் பீஸ் எண்ணிக்கையால் வகுக்காமல், எஸ்ஏஎம் நிமிடத்தை (ஒரு பீஸ் தைக்க ஆகும் நிர்ணய நேரம்) வைத்துப் பிரியுங்கள்.

எல்சிஏ_வாத்தியார் | 9.03
நான் முதலிலேயே அலகு என்றேன்.

நூல்கண்டு | 9.05
அலகு என்றீர்கள், எந்த அலகு என்று சொல்லவில்லையே வாத்தியாரே.

காத்தாடி | 9.20
ஆர்ஈசி விற்காதவன் கழிக்கலாமா கூடாதா, அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள்.

எல்சிஏ_வாத்தியார் | 9.34
விற்கவில்லை என்று காட்ட ஆவணம் இருந்தால் கழிக்கலாம். மின் வாரியம் உங்கள் பில்லில் நேர் செய்த காற்றாலை யூனிட் கணக்கைக் கூடவே வைக்க வேண்டும். இன்னொன்று, மத்திய மின்சார ஆணையத்தின் அந்த 0.72 மின்நிலையத்துப் புகை மட்டும்தான். சுரங்கமும் கம்பி இழப்பும் அதில் இல்லை. அதையும் சேர்த்தால் 0.72 என்பதே குறைவு.

காத்தாடி | 9.36
இதை ஏழு மணிக்கே சொல்லியிருக்கலாம்.

மெர்ச்சன்_திருப்பூர் | வெள்ளி, காலை 11.52
டையிங் கிலோவுக்குத்தான். துணி 200 கிராம், நூல் 215 கிராம் எடுத்தேன். நூல் 0.86, டையிங் 1.20, இ.பி. 0.27, டீசல் 0.04. மொத்தம் 2.37. எல்லாமே பேசிக் டி-சர்ட், ஹூடி இல்லை. காற்றாலையைக் கழிக்கவில்லை, ஆர்ஈசி பற்றி முதலாளியிடம் கேட்க வேண்டும். பெட்டி, பாலிபேக் பிறகு தருகிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். கணக்குப்பிள்ளை அண்ணாவுக்கு நன்றி.

காத்தாடி | 12.10
முதலாளி என்ன சொன்னார்?

காத்தாடி | திங்கள், காலை 10.15
தம்பி?